டோக்கன் எண் 61 இன்னும் பலகைக்குத் திரும்பவில்லை

அனுப்புநர்:
விளக்கு அறைப் பொறுப்பாளர்
(கடந்த மாதம் 27ஆம் தேதி வரை பணியில் இருந்தவர்),
வீடு எண் 14, இரண்டாம் வரிசை,
நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு தலைமை ஆய்வாளர் அவர்கள்,
சுரங்கப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: மூடப்பட்ட எங்கள் சுரங்கத்தின் இறங்குகுழியை இம்மாதம் 16ஆம் தேதி கான்கிரீட் இட்டு அடைக்கவிருப்பதை நிறுத்தி வைக்கவும், மூன்றாம் மட்டத்துப் பம்ப் அறைக்கு மீட்புக் குழுவை அனுப்பவும், நான் எழுதிக் கொடுத்த சான்றை ரத்து செய்யவும் கோருதல்.

பார்வை: சுரங்க வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கம், பிப்ரவரி 27, என் கையொப்பத்துடன்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி சுரங்கத்தின் விளக்கு அறையில் இருபத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்தவள். கீழே இறங்குகிறவருக்குத் தலைவிளக்கும் டோக்கனும் கொடுப்பதும், ஏறி வந்தவரிடம் இரண்டையும் திரும்ப வாங்குவதும் என் வேலை. சுரங்கத்துக்குள் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. ஆனால் எந்த நேரத்தில் கேட்டாலும் கீழே எத்தனை பேர், யார் யார் என்று சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

2. தாங்கள் அறிந்த நடைமுறைதான். எனினும் இந்த மனுவே அதன்மேல் நிற்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கு அறையின் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒன்றாக எண் அடித்த பித்தளை டோக்கன்கள். இறங்குகிறவர் தன் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவார். ஏறியதும் என் கையில் கொடுப்பார். நான் மாட்டுவேன். கொக்கி காலி என்றால் ஆள் கீழே இருக்கிறார் என்று பொருள். ஷிப்ட் முடிந்து, அந்த ஷிப்டில் இறங்கியவர்களின் எல்லா டோக்கனும் திரும்பிய பிறகே "அனைவரும் மேலேறினர், கீழே ஒருவரும் இல்லை" என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவேன். ஒன்று குறைந்தாலும் பேனாவைத் தொடமாட்டேன். அபாயச் சங்கை ஊதச் சொல்வேன்.

3. பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் 88ஆம் எண் கொக்கி காலியாக இருந்தது. சங்கு ஊதியது. ஆறு வரிசைக் குடியிருப்பிலும் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வாயிலுக்கு ஓடி வந்தார்கள். மீட்பு ஆட்கள் குழிக்குள் ஆளை இறக்கி ஏற்றும் கூண்டில் ஏறி நின்றுவிட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஓடி வந்த நிலக்கரி வெட்டுபவர் ஒருவர், "யாருப்பா மாட்டிக்கிட்டது?" என்று பார்க்கிறவரையெல்லாம் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டவர் அவரேதான். வயிற்றுவலி என்று முன்னதாகவே ஏறியவர், நான் உள்ளே திரும்பியிருந்த நேரத்தில் விளக்கை மட்டும் மேசையில் வைத்துவிட்டு, டோக்கனைப் பையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் என் கணவர் என்பதையும் வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதன்பின் ஓராண்டு காலம் அவர் தெருவில் நடந்தால் "தொலைஞ்சுபோனவரு வர்றாரு, வழி விடுங்க" என்பார்கள். ஆனால் வீணாக ஊதிவிட்டாயே என்று அன்று ஒருவர்கூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சங்கு ஊதினால் ஓடி வருவது எங்களுக்கு அப்போது மூச்சு விடுவதுபோல் இருந்தது.

4. அந்தப் பலகையில் அறுநூற்றுப் பன்னிரண்டு கொக்கிகள். நிலக்கரி வேண்டியிருந்தவர்களுக்கு நிலக்கரி வேண்டாமல் போனது. அதன் நியாய அநியாயம் பேச நான் வரவில்லை. மூன்று ஷிப்ட் இரண்டாயிற்று, பிறகு ஒன்றாயிற்று. ஆட்குறைப்பு நடக்கும்போதெல்லாம் அவர்களுடைய டோக்கன்களைக் கழற்றி ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு வைப்பேன். காலிக் கொக்கியில் இரண்டு வகை வந்துவிட்டது. முதலில் வேலையிழந்து போனவர்களை லாரி ஏறும்வரை கூட நின்று வழியனுப்பினோம். பிறகு போனவர்களுக்கு வாசலில் நின்று கையசைத்தோம். கடைசியில் பூட்டைப் பார்த்துத்தான் போய்விட்டார்கள் என்று தெரிந்துகொண்டோம். சொல்லிக்கொண்டு போக அவர்களுக்கு வாய் வரவில்லை. எங்கே என்று கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. "பிழைக்கப் போயிட்டாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடக்கப் பழகிவிட்டோம். ஐயா, நான் இங்கே புகார் சொல்வது முதலில் இந்தப் பழக்கத்தின்மீது. எங்கள்மீதே என்று வைத்துக்கொண்டாலும் சரி.

5. பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை, கடைசி ஷிப்ட். காலை ஏழு மணிக்கு நாற்பத்தாறு பேர் இறங்கினார்கள். நாற்பத்தாறு விளக்கு, நாற்பத்தாறு டோக்கன், என் கையால் கொடுத்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு ஏறத் தொடங்கினார்கள். குழிவாயில் வெள்ளைத் தொப்பி அணிந்த அலுவலர்கள் நின்றிருந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். விளக்குகளை என்னிடம் தர வேண்டாம், நேரே லாரிக்குப் போகும் மரப்பெட்டியில் போடட்டும் என்று உத்தரவு வந்தது. அப்போது சுரங்கக் கூரைக்கு மரம் முட்டுக்கொடுக்கும் தொழிலாளி ஒருவர் ஜன்னலருகே வந்து, "அக்கா, இத நானே வச்சுக்கிறேனே. இருவது வருசமா நெஞ்சோட கெடந்தது" என்றார். வைத்துக்கொள் என்றேன். இந்த வேலையில் நான் சொல்லக் கூடாத ஒரே வார்த்தை அது. அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவுமில்லை. எல்லோரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் போட்டோவுக்கு ஓடினார்கள். நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கையில் பலகையில் பத்தொன்பது டோக்கன்கள் தொங்கின. இருபத்தேழு வரவில்லை.

6. மூன்றரை மணிக்கு மேலாளர் பதிவேட்டைத் தானே எடுத்து வந்தார். அவருடைய கார் கிளம்பத் தயாராக இருந்தது. "கையெழுத்தப் போடுங்கம்மா. நாளைக்கு யாரு கீழ போகப் போறா?" என்றார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பேனா என் கையில் இருந்தது. இருபத்தேழும் சட்டைப் பைகளில் இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "அனைவரும் மேலேறினர், கீழே ஒருவரும் இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இருபத்தாறு ஆண்டுகளில் எண்ணாமல் இட்ட கையொப்பம் அது ஒன்றுதான்.

7. இனி 61ஆம் எண் டோக்கன் யாருடையது என்பதைச் சொல்ல வேண்டும். அது பம்ப் ஆபரேட்டர் ஒருவருடையது. வயது ஐம்பத்தெட்டு. மனைவி இல்லை. ஒரே மகள், தொலைவில் ஒரு நகரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. முப்பது ஆண்டுகளாகத் தண்ணீரிலேயே நின்று வேலை பார்த்ததால் ஊரில் அவருக்குத் தவளை என்று பெயர். மனுவில் எழுதத் தகாத பெயர்தான், ஆனால் அப்படிச் சொன்னால்தான் இங்கே யாருக்கும் அவரைத் தெரியும். நான் அண்ணன் என்று அழைப்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். கடைசி நாள் காலை விளக்கு வாங்கும்போது, "சாயங்காலம் டிக்கெட் எடுக்கணும் தங்கச்சி. மக வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்" என்றார். நானும் அதை நாலு பேரிடம் சொன்னேன். அதனால் சனிக்கிழமை அவர் வீட்டில் பூட்டுத் தொங்கியதைப் பார்த்த யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிழைக்கப் போயிட்டார் என்றோம்.

8. சனிக்கிழமை காலை எங்கள் வரிசைக்குப் பின்னாலுள்ள குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என் கணவருடைய சட்டைப் பையில் 88ஆம் எண் டோக்கன் அகப்பட்டது. இரண்டாவது தடவை. வீட்டில் போய்ச் சத்தம் போட்டேன். "ஊரே எடுத்துட்டுப் போச்சு, என்னை மட்டும் புடி. பூட்டுன கடைக்கு நீ என்ன காவலா?" என்று அவர் இருமிக்கொண்டே கேட்டார். காவல்தான் என்றேன். மார்ச் 10ஆம் தேதி விளக்கு அறையின் பொருட்களை ஒப்படைக்க வேண்டியிருந்தது. பலகை குறையாக இருந்தால் எனக்கு மானக்கேடு. ஆகவே எல்லா டோக்கனையும் திரும்ப வாங்கப் புறப்பட்டேன். இவ்வளவுதான் அப்போது என் எண்ணம். யாரையும் காணோம் என்று நான் தேடப் போகவில்லை.

9. அடுத்த எட்டு நாட்களும் இதே வேலை. ஒருவர் சாவிக்கொத்தில் கோத்திருந்தார். ஒருவர் வீட்டில் நிலைப்படியில் ஆணி அடித்து மாட்டியிருந்தது. தள்ளுவண்டித் தொழிலாளி ஒருவர் நகரத்தில் அடுக்குமாடி ஒன்றுக்குக் காவலாளியாகப் போயிருந்தார். பஸ் பிடித்துப் போனேன். புதுச் சீருடையின் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். "இது இருந்தா, எங்கயோ ஒரு பலகையில நம்ம எடம் காலியா இருக்குற மாதிரி இருந்துச்சுக்கா" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். மரம் முட்டுக்கொடுப்பவர் மட்டும் மூன்று நாள் தர மறுத்தார். நான் அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்துத்தான் தந்தார். மார்ச் 8ஆம் தேதி ஞாயிறன்று பலகையில் நாற்பத்தைந்து டோக்கன்கள் சேர்ந்துவிட்டன. 61 மட்டும் பாக்கி.

10. இதற்கிடையில் 5ஆம் தேதியன்று அவருடைய மகள் எனக்குப் போன் செய்தாள். "அத்தை, அப்பா போன் எடுக்கவே மாட்டேங்குறாரு. எப்ப கிளம்புறாராம்? ரூமெல்லாம் ஒழிச்சு வச்சுட்டேன்" என்றாள். அவர் அங்கே இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளிடம், "சிநேகிதக்காரங்க யாரையாச்சும் பாத்துட்டு வருவாரும்மா" என்று சொல்லி வைத்தேன். நானும் அதையே நம்ப விரும்பினேன். மூன்று நாள் நம்பினேன். இதையும் தாங்கள் பதிவு செய்துகொள்ளலாம்.

11. 9ஆம் தேதி திங்கட்கிழமை காலை முதலில் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியூர் போகிறவர் எடுத்துப் போகும் பெட்டி கட்டிலின்மேல் பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது. அங்கிருந்து சுரங்கத்தில் உடை மாற்றும் அறைக்குப் போனேன். அது பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். பெஞ்சின் அடியில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. இடது செருப்பின் வாரை நீலக் கம்பியால் கட்டியிருந்தது. அதைக் கட்ட அந்தக் கம்பியைக் கொடுத்தவளே நான். சுரங்கப் பூட்ஸோடு யாரும் ரயில் ஏறி மகள் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

12. உடனே இரண்டாவது பம்ப் ஆபரேட்டருக்குப் போன் செய்தேன். அவர் இப்போது தன் மனைவியின் ஊரில் பால் வண்டி ஓட்டுகிறார். பம்ப் வேலைக்கு மட்டும் ஒரு தனிக் கட்டுப்பாடு உண்டு. மற்றவர்கள் குழிவாயில் ஷிப்ட் மாறுவார்கள். பம்ப் ஆட்கள் பம்பின் அருகிலேயே மாறுவார்கள். மாற்று ஆள் கீழே இறங்கி வந்து பம்பின் சுவிட்சில் கை வைத்த பிறகே முந்தியவர் எழுந்திருக்கலாம். மற்றவர்களுக்குக் கடிகாரம், அவர்களுக்கு மாற்று ஆளின் காலடிச் சத்தம். வெள்ளிக்கிழமை பிற்பகல் நீங்கள்தானே மாற்ற இறங்க வேண்டியது என்று கேட்டேன். "நான் வியாழக்கிழமையே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேனேக்கா. மேற்பார்வையாளர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். கடைசிக் கூண்டுல அண்ணனையும் ஏத்திக்கிறோம்னாரு" என்றார். பிறகு அவரே, "மாத்த ஆள் வராம அவரு பம்ப விட்டு வரமாட்டாரேக்கா" என்றார்.

13. நடந்தது இதுதான் என்று விசாரித்து அறிந்தேன். பம்ப் அறைக்குப் போகும் தொலைபேசிக் கம்பியைச் செம்புக்காகப் புதன்கிழமையே கழற்றிவிட்டார்கள். வாயிலில் ஒட்டிய அறிவிப்பில், மார்ச் 1ஆம் தேதி மின்சாரம் துண்டிக்கப்படும் வரை பம்பும் காற்றாடியும் இயங்கும் என்று இருக்கிறது. எழுதியவர் அந்தப் பம்ப் தானாக ஓடும் என்று நினைத்திருக்கிறார். அது தானாக ஓடும் பம்ப் அல்ல. ஞாயிறு வரை ஓட வேண்டும் என்றால் மூன்று மணிக்கு மாற்று ஆள் வருவார் என்று எங்கள் அண்ணன் நினைத்திருக்கிறார். அப்படி நினைக்காவிட்டால்தான் தவறு. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மேற்பார்வையாளர் இருந்துவிட்டார். கூண்டு ஓட்டுபவரைக் கேட்டேன். "கடைசிக் கூண்டுல தலைய எண்ணலம்மா. எண்றது உங்க வேலைன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் சொன்னது சரி. சனிக்கிழமை காலையிலேயே கூண்டின் கம்பிக்கயிற்றை அறுத்து, மணியையும் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டாவது வெளிவழியான பழைய குழி சென்ற ஆண்டே மண் கொட்டி மூடப்பட்டது.

14. ஐயா, இனி எழுதப்போவதை எழுதவே எனக்குக் கூசுகிறது. சுரங்கத்திலிருந்து பம்ப் ஏற்றும் தண்ணீர் எங்கள் வரிசைக்குப் பின்னாலுள்ள குழாய் வழியாகத்தான் வெளியே விழுகிறது. நாங்கள் அதில் துணி துவைப்போம். மோட்டார் சூடாகிவிடும் என்று அண்ணன் இரண்டு மணி நேரம் ஓட்டுவார், அரை மணி நிறுத்துவார். மற்ற ஆபரேட்டர் அவ்வளவு பார்க்கமாட்டார். குழாயடியில் நின்றே இன்று பம்பில் யார் என்று எங்கள் வரிசைப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலையும், சனிக்கிழமை முழுவதும் தண்ணீர் இரண்டு மணி நேரம் விழுந்தது, அரை மணி நின்றது, மறுபடி விழுந்தது. நாங்கள் வாளி வைத்துப் பிடித்தோம். என் கணவரின் சட்டையிலிருந்து 88ஆம் எண் டோக்கனை நான் எடுத்தது அந்தத் தண்ணீரில் துவைக்கும்போதுதான். கீழே இருந்து அவர் அனுப்பிக்கொண்டிருந்த தண்ணீரில், அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பேசிக்கொண்டே துவைத்தோம்.

15. ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. மூன்று முறை பாய்ந்து விழும், பிறகு நின்றுவிடும். மறுபடி மூன்று முறை, மறுபடி நிற்கும். பக்கத்து வீட்டுப் பெண், "தண்ணிக்கு விக்கல் எடுத்துருச்சு, யாரோ நினைக்கிறாங்க போல" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பதினோரு மணிக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள். தண்ணீர் அதோடு நின்றது. சுரங்கத்தில் மணி அடிக்கும் முறை தங்களுக்குத் தெரியும். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று மணி என்றால் மேலே வர ஆள் இருக்கிறது, தூக்கு. இந்தக் குடியிருப்பில் பேசத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். இருபத்தாறு வருடம் அந்த மணியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் நான். அடிக்க மணி இல்லாதவர் பம்பையே மணியாக அடித்திருக்கிறார். முக்கால் மணி நேரம் அடித்திருக்கிறார். எனக்குப் புரிய எட்டு நாள் ஆயிற்று.

16. திங்கட்கிழமை பிற்பகல் இதை என் கணவரிடம் சொன்னேன். டோக்கன் சேர்த்தது போதும் என்று அதுவரை என்னைக் கேலி செய்துகொண்டிருந்த மனிதர், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறவர், நிற்காமல் குழாயடி வரை நடந்தார். ஸ்பேனரால் குழாயில் மூன்று தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார். இரண்டு மணி நேரம் அப்படியே நின்றார். வரிசையில் மிச்சமிருக்கிற பதினேழு வீட்டுக்காரர்களும் வந்து சத்தமில்லாமல் சுற்றி நின்றார்கள். சங்கு ஊத இப்போது சங்கு இல்லை, அதையும் கழற்றிவிட்டார்கள். ஆனாலும் வந்தார்கள். "ஒண்ணும் கேக்கல. தண்ணி ஏறுற சத்தம் மட்டும் இருக்கு" என்றார் என் கணவர். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

17. மறுநாள், 10ஆம் தேதி, மேலாளர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போனேன். காவல் நிலையத்தில் மரியாதையாகவே நடத்தினார்கள். "வேலை போன ஊரும்மா. எத்தனையோ பேரு சொல்லாம கொள்ளாம போறாங்க. மனசு ஆறினா வந்துடுவாரு" என்றார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. நாங்களும் அதைத்தானே சொன்னோம். மேலாளர் அலுவலகத்தில் பதிவேட்டை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தார்கள். "கீழே ஒருவரும் இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இது உங்க கையெழுத்துதானே?" என்றார்கள். ஆம், என் கையெழுத்துதான். ஆள் கீழே இல்லை என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சியம் அது. அதை வைத்துத்தான் 16ஆம் தேதி கான்கிரீட் கொட்டப்போகிறார்கள். விளக்கு அறைச் சாவியை அன்று ஒப்படைக்க மறுத்துவிட்டேன். அதற்கும் என்மேல் நடவடிக்கை உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள்.

18. அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் எழுதவில்லை. எழுத எனக்கு ஆதாரம் இல்லை. இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. பம்ப் அறை இருப்பது மூன்றாம் மட்டத்தில். தண்ணீர் ஏறினால் அங்கிருந்து சாய்பாதை வழியே இரண்டாம் மட்டத்தில் உள்ள பழைய ஓய்வறைக்குப் போய்விட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர். தண்ணீரின் போக்கு அவரைப்போல் அறிந்தவர் அந்தச் சுரங்கத்தில் இல்லை. என் கணவர் அந்த வழியை வரைந்து கொடுத்திருக்கிறார், இணைத்திருக்கிறேன். மின்சாரம் நின்று இன்றோடு பத்து நாள். அவர் இறங்கிப் பன்னிரண்டு நாள். எண்ணத் தெரிந்தவள் நான், எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். எப்படி இருந்தாலும் சரி, அவர் மேலே வர வேண்டும். மாற்று ஆள் வராமல் அவர் எழுந்து வரமாட்டார். ஆகவே யாராவது இறங்கியாக வேண்டும்.

19. எனவே தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) இறங்குகுழியை அடைக்கும் பணியைத் தங்கள் உத்தரவால் இன்றே நிறுத்த வேண்டும்.

(ஆ) தற்காலிகக் கயிறும் கூண்டும் அமைத்து, மூச்சுக் கருவிகளுடன் மீட்புக் குழுவை இறக்கி, பம்ப் அறை, சாய்பாதை, ஓய்வறை மூன்றையும் தேட வேண்டும். அழைத்தால் வழிகாட்டுவதற்கு இரண்டாவது பம்ப் ஆபரேட்டரும், மரம் முட்டுக்கொடுப்பவரும், இன்னும் பதினோரு பேரும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நகரத்துக் காவலாளியும் அதில் ஒருவர். என் கணவரும் பெயர் கொடுத்தார். அவர் நெஞ்சு தாங்காது, அவர் பெயரை மட்டும் நான் அடித்துவிட்டேன்.

(இ) பிப்ரவரி 27ஆம் தேதி நான் அளித்த சான்று எண்ணாமல் அளித்தது. அதை ரத்து செய்து, என்மீது சட்டப்படி என்ன நடவடிக்கை உண்டோ எடுக்க வேண்டும். நான் வழக்குரைஞர் யாரையும் வைக்கப்போவதில்லை.

20. நான் நினைப்பதெல்லாம் தவறாகி, அண்ணன் எங்கேயோ ஓர் ஊரில் டீ குடித்துக்கொண்டிருந்து, நாளைக்கே வந்து, "என்ன தங்கச்சி, ஊரக் கூட்டிட்டியாமே" என்று சிரித்தால், அரசுக்கு வீண் வேலை வைத்தவள் என்று என்னைத் தண்டியுங்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை அப்படித்தான் வீணாகச் சங்கு ஊதச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் மகளுக்கு இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்குப் போன் செய்கிறாள். தங்கள் உத்தரவு வரும்வரை அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

21. பிப்ரவரி 27ஆம் தேதிக் கையொப்பத்தை நான் பலகையைப் பாராமல் இட்டேன். இதன்கீழ் இடும் கையொப்பத்துக்கு முன், விளக்கு அறையைத் திறந்து, பலகையின் முன்னால் நின்று, ஒவ்வொரு டோக்கனாகத் தொட்டு மூன்று முறை எண்ணினேன். பதிவேட்டில் அடுத்த வரியாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு, எண்ணியதை எழுதுகிறேன்:

இறங்கியவர் நாற்பத்தாறு பேர். மேலேறியவர் நாற்பத்தைந்து பேர். கீழே ஒருவர் இருக்கிறார்.

நாள்: மார்ச் 11, புதன்கிழமை, காலை 8 மணி
இடம்: விளக்கு அறை

(ஒப்பம்)
விளக்கு அறைப் பொறுப்பாளர்